அடுக்கடுக்காய் வரைந்த ஆவுளியா

இன்று இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏதாவது ஒன்று அசைந்துகொண்டிருக்கும். வங்கியின் பக்கத்தில் நாணயம் ஒன்று சுழன்று உண்டியலுக்குள் விழும். வைத்தியசாலைப் பக்கத்தில் இதயம் துடிக்கும். பொதி அனுப்பும் நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு சின்ன லொறி ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். இரண்டு விநாடி பார்த்துவிட்டு அப்பால் போய்விடுகிறோம். ஆனால் அந்த லொறியை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். சக்கரத்தைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் புகையைத் தனியாகவும் வரைந்து, அசைத்து, அதற்கான கூலியையும் பெற்றிருக்கிறார். அந்த ஒருவர் ஏன் கற்பிட்டியிலோ உடப்பிலோ முந்தலிலோ இருக்கும் ஒரு யுவதியாக இருக்கக் கூடாது?

புத்தளம் கரையோரக் கிராமங்களில் பெண்களோடு வேலை செய்பவள் என்ற முறையில் இக்கேள்வியைப் பொழுதுபோக்காகக் கேட்கவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இங்கு என்ன தொழில் இருக்கிறது? வெங்காயத் தோட்டம், உப்பளம், கருவாடு, தையல். அதற்கும் அப்பால் மத்திய கிழக்கு விமானம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒரே மூச்சில் வெளியேற்றப்பட்டு இங்கு வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று வளர்ந்து நிற்கிறார்கள். தூரத்து நகரத்துக்குத் தனியாக வேலைக்கு அனுப்பப் பல பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் சரியா பிழையா என்று வாதிடுவதற்கு இது இடமல்ல. வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய, ஆனால் வீட்டோடு முடிந்துவிடாத ஒரு தொழில் தேவைப்படுகிறது என்பதே விடயம். பெருநாளைக்கு முந்திய இரவில் அயல் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மருதாணி போட்டுவிடும் ஒருத்தி எல்லாத் தெருவிலும் இருக்கிறாள். உடப்பில் வாசற்கோலத்தில் கை ஓடும் பெண்கள் இருக்கிறார்கள். கைக்குப் பஞ்சமில்லை. அந்தக் கையை இணையம் வரை கொண்டுபோகும் வழிதான் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது.

கத்தரிக்கோல் பிடித்த ஒரு பெண்

இன்றைய இணையப் பக்கங்களில் அசையும் படங்களுக்கு மிகப் பரவலாகப் பயன்படும் கோப்பு வகைகளில் ஒன்றின் பெயர் 'லொட்டி'. 2017ஆம் ஆண்டு எயார்பிஎன்பி நிறுவனத்தார் அதை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். அந்தப் பெயர் ஒரு பெண்ணுடையது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

லொட்டே ரைனிகர் 1899இல் பேர்லின் நகரில் பிறந்தவர். கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி உருவம் செய்வதில் சிறு வயதிலேயே தேர்ச்சி பெற்றவர். தலை, மேற்கை, முன்கை, விரல், இடுப்பு, கால் என ஒவ்வொன்றையும் தனித்தனியே வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து ஒளி படும் ஒரு கண்ணாடி மேசையில் கிடத்தி, மேலிருந்த கெமராவால் ஒரு படம் எடுப்பார். கையை ஒரு மயிரளவு நகர்த்துவார். மீண்டும் ஒரு படம். இப்படியே 1923 முதல் 1926 வரை கணவர் கார்ல் கொச்சுடனும் சில உதவியாளர்களுடனும் உழைத்து 'இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்' என்ற முழுநீளப் படத்தை முடித்தார். ஆயிரத்தொரு இரவுகள் கதைகளிலிருந்து எடுத்த கதை அது. பறக்கும் குதிரையும் உண்டு, அலாவுதீனும் உண்டு. இன்று அழியாமல் எஞ்சியிருக்கும் முழுநீள அசைவுச் சித்திரங்களில் மிகப் பழையது அதுவே.

நமது விடயத்துக்கு முக்கியமானது அவரது கண்ணாடி மேசை. பின்னணியை ஒரு கண்ணாடியிலும் பாத்திரங்களை இன்னொரு கண்ணாடியிலும் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். முன்னால் இருப்பதை வேகமாகவும் பின்னால் இருப்பதை மெதுவாகவும் நகர்த்தினால் தட்டையான படத்துக்கு ஆழம் வந்துவிடுகிறது. பஸ்ஸில் போகும்போது வேலியோரத்துப் பனைகள் ஓட்டமாய் ஓட, தூரத்துக் களப்பு அசையாமல் இருப்பது போலத் தோன்றுகிறதல்லவா, அதே கணக்குத்தான். டெப் திரையில் விரலால் 'லேயர்' என்று தட்டுகிறோமே, அந்த அடுக்கு ரைனிகரின் கண்ணாடியின் பேரப்பிள்ளை.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு காட்சி. வோல்ட் டிஸ்னியின் படக்கூடத்தில் ஒளி ஊடுருவும் தாள்களில் ஆண்கள் வரைந்த கோடுகளை மையால் பிரதி எடுத்து நிறம் தீட்டும் பகுதி முழுக்கப் பெண்களால் நிரம்பியிருந்தது. 1937இல் வெளிவந்த 'ஸ்னோ வைற்' படத்தின் ஒவ்வொரு தாளும் அவர்களின் கைபட்டது. 1938இல் அங்கு வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு வந்த பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. படைப்பு வேலை எதையும் பெண்கள் செய்வதில்லை, அதை இளைஞர்களே செய்கிறார்கள், பெண்களுக்கு உரியது பிரதி எடுப்பதும் நிறம் தீட்டுவதும் மட்டுமே என்று ஒளிவு மறைவின்றி எழுதியிருந்தார்கள். அந்நிறுவனத்தின் படமொன்றில் அசைவோவியராக ஒரு பெண்ணின் பெயர் திரையில் வந்தது 1942இல், 'பாம்பி' படத்தில். அவர் ரெட்டா ஸ்கொட். பின்பு 1961இல் வந்த 'நூற்றொரு டல்மேஷியன் நாய்கள்' படத்துக்குக் கோடுகளை நேரடியாகத் தாளுக்கு மாற்றும் பிரதி இயந்திரம் பயன்பட்டது. மை தொட்டு எழுதிய பெண்களின் வேலையில் பெரும்பகுதி அத்தோடு போயிற்று. தொழிலைக் கற்றுக்கொள்ளும்போது எந்தப் பகுதியைக் கற்றுக்கொள்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நிறம் தீட்ட மட்டும் தெரிந்தவளை இயந்திரம் முதலில் அனுப்பிவிடும்.

வால் எப்படி அசையும்?

இனி வேலைக்கு வருவோம். எங்கள் பயிற்சி வகுப்புப் பிள்ளைகள் தெரிவு செய்தது ஆவுளியாவை. கடற்பசு என்று பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான். புத்தளம் களப்பிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேய்ந்து வாழும் பாலூட்டி. பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம். எனினும் வலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாகிறது. மீன் அல்லாதபடியால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுக்க வேண்டுமே! கடலுக்கு அக்கரையில் தமிழ்நாட்டரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரை 2022 செப்டெம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நம் பக்கத்து மீனவர்களின் கைத்தொலைபேசிக்குப் போகக்கூடிய பத்து விநாடிப் படமொன்று செய்யலாம் என்பது பிள்ளைகளின் எண்ணம். சிக்கியதைக் கண்டால் வலையை அறுத்தாவது விடுங்கள் என்பதே செய்தி.

முதலில் வரைந்தவள் அழகாகத்தான் வரைந்தாள். ஆனால் ஒரே தாளில், ஒரே படமாக. அதை அசைக்க முடியாது. வெட்டினால் ஓட்டை விழும். முன் துடுப்பை நகர்த்தினால் அதன் பின்னால் இருந்த வயிறு வெறுமையாய் நிற்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத பகுதியையும் வரைய வேண்டும் என்பது இத்தொழிலின் முதற் பாடம். துடுப்புக்குப் பின்னால் இருக்கும் வயிற்றையும், ஆவுளியாவுக்குப் பின்னால் இருக்கும் புல்லையும் முழுதாக வரைந்த பின்பே மேலடுக்கை வைக்க வேண்டும். சட்டை தைப்பவர்களுக்கு இது உடனே விளங்கிவிட்டது. மடிப்புக்குள் போகும் துணியையும் சேர்த்துத்தானே வெட்டுகிறார்கள்.

ஆவுளியாவுக்குக் கடைசியில் ஏழு அடுக்குகள் வந்தன. தூரத்து நீர், பின்புறப் புல், உடல், வால், முன் துடுப்பு, முன்புறப் புல், எழுத்து. மூட்டு வரும் இடங்களில் இரு பாகங்களையும் வட்டமாக முடித்து, ஒன்றன் மேல் ஒன்று சற்று ஏறி நிற்கும்படி வரைந்தோம். அப்போதுதான் திருப்பும்போது இடைவெளி தெரியாது. ஒவ்வொரு அடுக்குக்கும் பெயர் எழுதினோம். 'லேயர் 14', 'லேயர் 15' என்று விட்டுவிட்டால் அடுத்த நாள் வரைந்தவளுக்கே புரியாது. பிறகு வாலைத் திருப்பும் அச்சு எங்கே என்று மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். அச்சைப் படத்தின் நடுவில் விட்டால் வால் உடலை விட்டுக் கழன்று காற்றாடி போலச் சுற்றும். வகுப்பே சிரித்தது.

வாலை மீனைப் போல இடதும் வலதுமாக அசைத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் உம்மம்மா, "அது மீனில்ல மகள், வாலை மேலயும் கீழயும்தான் அடிக்கும்" என்றார். கரைவலைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சொன்னது முற்றிலும் சரி. திமிங்கிலம், டொல்பின் போலவே ஆவுளியாவின் வாலும் மேலும் கீழுமாகவே அடிக்கும். பக்கவாட்டில் பார்க்கும் படத்தில் இதை அசைப்பது எளிதும்கூட. படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடமும் ஒரு பிள்ளை கேட்டுப் பார்த்தாள். வட்டமான வாலோடு ஒரு மிருகம் வந்தது. அது அமெரிக்கக் கரைகளிலும் மேற்கு ஆபிரிக்காவிலும் வாழும் வேறொரு கடற்பசு. நம்முடையதற்கு வால் பிளந்திருக்கும். அந்த மென்பொருட்கள் நாளுக்கு நாள் முன்னேறுகின்றன, அவற்றை அலட்சியம் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் களப்பைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வேலை இருக்கிறது.

அசைக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு நிலையையும் தனிப்படமாக வரைவது. சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. சிக்கனமாக 12 வைத்தாலும் பத்து விநாடிக்கு 120 படங்கள் வேண்டும். மற்றது பொம்மலாட்ட வழி. பாகங்களை ஒரு தடவை வரைந்துவிட்டு, எந்த விநாடியில் எந்தப் பாகம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று குறிப்பு மட்டும் எழுதுவது. ஏழு அடுக்கும் ஒரு சிறு குறிப்பும் போதும். கண் சிமிட்டுவது, மணல் கலங்குவது போன்றவற்றுக்கு முதல் வழியையும் நீந்துவதற்கு இரண்டாம் வழியையும் கலந்து செய்வதே வழக்கம். கடைசி நிலை முதல் நிலையோடு பொருந்தினால் படம் நிற்காமல் சுற்றும். பொருந்தாவிட்டால் பத்து விநாடிக்கு ஒருமுறை விக்கல் எடுக்கும்.

விலை உயர்ந்த ஐபேட் இருந்தால்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். கிரிட்டா என்ற வரைகலை மென்பொருள் இலவசம், கணினியில் நன்றாக ஓடும். கைத்தொலைபேசியில் ஐபிஸ்பெயின்ற் போன்றவை உண்டு. கோட்டுப் படங்களுக்கு இங்க்ஸ்கேப் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் குறைந்த நினைவகம் உள்ள தொலைபேசியில் பெரிய தாளில் பல அடுக்குகள் வைத்தால் அது திணறும். தாளின் அளவைக் குறைத்தால் அடுக்கின் எண்ணிக்கை கூடும். மாவுக்கேற்றபடி ரொட்டி.

மூன்று மொழி, ஒரு படம்

அடுக்கின் பெரும் பயன் இங்கே நம் மாவட்டத்தில்தான் தெரிகிறது. இந்தக் கரையில் தமிழும் சிங்களமும் தோளோடு தோள் புழங்குகின்றன. எழுத்தைத் தனி அடுக்கில் வைத்தால் படத்தைத் தொடாமல் மொழியை மட்டும் மாற்றலாம். வெறும் மொழிபெயர்ப்பல்ல அது. தமிழில் கடற்பசு என்கிறோம், சிங்களத்தில் 'முஹுது ஊரா', அதாவது கடற்பன்றி என்கிறார்கள். பெயரை நம்பி நகைச்சுவைக்காகக் கொம்பு வரைந்திருந்தால் ஒரு மொழியில் மட்டும் எடுபட்டிருக்கும்!

தமிழ் எழுத்துக்கென்று தனித் தலைவலி உண்டு. பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை தெரியும். ஆகவே யுனிகோட்டிலேயே தட்ட வேண்டும். அதன் பிறகும் சில அசைவு மென்பொருட்கள் 'கொடுவா' என்பதை உடைத்துவிடுகின்றன. ஒற்றைக்கொம்பையும் 'க'வையும் காலையும் வெவ்வேறு எழுத்துகள் என்று எண்ணி இடம் மாற்றிப் போடுகின்றன. இதற்கு நாங்கள் கண்ட வழி, தமிழைச் சரியாகக் காட்டும் மென்பொருளில் தட்டி, எழுத்தை உருவக்கோடாக மாற்றி, அதன் பின்பே அசைவுக் கோப்பில் சேர்ப்பது. ஆனால் உருவமாக மாறிய எழுத்தைப் பார்வையற்றோருக்கான வாசிப்புக் கருவி வாசிக்காது. எனவே இணையப் பக்கத்தில் படத்துக்கான மாற்று விளக்கத்தையும் தமிழில் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எந்த வடிவத்தில் அனுப்புவது? ஜிஃப் என்பது 1987இல் வந்தது. எங்கும் ஓடும், ஆனால் 256 நிறங்களுக்கு மேல் தாங்காது. தீட்டிய படத்தில் நீரின் நிறம் பட்டை பட்டையாய் உடைந்துவிடும். கோட்டுப் படங்களுக்கு எஸ்விஜி அல்லது லொட்டி சிறந்தது. படத்தையும் அசைவையும் எழுத்துக் குறிப்பாகவே வைத்திருப்பதால் கோப்பு சிறிது, எவ்வளவு பெருப்பித்தாலும் மங்காது. தூரிகையால் தீட்டிய ஆவுளியா போன்றவற்றுக்கு அடுக்குகளைப் பின்னணியற்ற பிஎன்ஜி படங்களாகப் பிரித்து, இணையப் பக்கத்தின் சிஎஸ்எஸ் குறிப்பால் அசைக்கலாம். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் எம்பி4 வீடியோதான் வசதி. அலைவரிசை ஒரு கோடும் இரண்டு கோடுமாய் வந்து போகும் கரையில், டேட்டாவைக் காசு கொடுத்து வாங்கும் மீனவர் ஒருவர் திறக்கப் போகும் படம் அது என்பதை மறக்கக் கூடாது. கோப்பின் எடையும் அழகில் சேர்த்தி.

ஒரு காலத்தில் இணைய அசைவு என்றாலே ஃபிளாஷ் என்றிருந்தது. 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டது. உலகெங்கும் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் செய்து வைத்த படங்கள் திறக்க முடியாமல் போயின. மூல அடுக்குக் கோப்பை வைத்திருந்தவர்கள் வேறு வடிவத்தில் மீண்டும் செய்துகொள்ள முடிந்தது. முடிந்த படத்தை மட்டும் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1997 டிசம்பர் 16இல் ஜப்பானில் 'பொக்கிமோன்' தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாக மின்னியதைப் பார்த்த 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், வலிப்பு, மயக்கம், வாந்தியுடன் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னக் கூடாது, தானாக ஐந்து விநாடிக்கு மேல் அசையும் படத்தை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பன இணையத்தில் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட விதிகள். மின்னல், அபாய விளக்கு என்று வரையும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வலிப்பு நோயுள்ள பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு இதன் அருமை தெரியும்.

அடுக்குக் கோப்பு யாருக்கு?

கடைசியாகப் பணம். நமது பகுதியைச் சேர்ந்த ஓர் இளம் தாய், குழந்தை உறங்கும் நேரங்களில் இரண்டு வாரம் உழைத்து ஒரு விளம்பரத்துக்காக அசைவுப் படம் செய்தார். "திருத்தம் பார்க்க வேண்டும், மூலக் கோப்பை அனுப்புங்கள்" என்றார்கள். நம்பி அனுப்பினார். அதன் பின் தொலைபேசி எடுக்கப்படவில்லை. சில மாதங்களில் அவர் வரைந்த அதே பெண் உருவம், சட்டை நிறம் மாறி, கை வேறு விதமாய் அசைந்து வேறொரு விளம்பரத்தில் வந்தது. அடுக்குகள் கையில் இருந்தால் வரைந்தவள் இல்லாமலே புதுப்படம் செய்யலாம். ஆகவே முடிந்த படத்துக்கு ஒரு விலை, மூலக் கோப்புக்கு வேறு விலை.

பார்வைக்கு அனுப்பும்போது சிறிய அளவில், குறுக்கே பெயர் எழுதி அனுப்புங்கள். முற்பணம் கேட்பது மரியாதைக் குறைவல்ல, தையற்காரியும் கேட்கிறார். எத்தனை தடவை திருத்தம், எந்த மொழிகள், எங்கெங்கு பயன்படுத்தலாம் என்பதை ஒரு வட்ஸ்அப் செய்தியிலாவது எழுதி வாங்குங்கள். ஆரம்பக் கீறல்களைத் திகதியோடு சேமித்து வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வரைந்த கணத்திலிருந்தே பதிப்புரிமை உண்டு, எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. படைத்தவர் என்று தன் பெயர் போடக் கேட்கும் உரிமையும் அச்சட்டத்தில் உண்டு. ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரைந்ததன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்குப் போகும் என்பதையும் தெரிந்து கையொப்பமிடுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். தம்பியின் பெயரிலும் மாமாவின் பெயரிலும் வேண்டாம்.

ஆவுளியா முடிந்து இரண்டு மொழியில் சுற்றுக்குப் போயிருக்கிறது. இப்போது பிள்ளைகள் கண்டலை எடுத்திருக்கிறார்கள். 2015இல் தன் கண்டற்காடுகள் அனைத்துக்கும் பாதுகாப்பளிக்கும் திட்டத்தை இலங்கை அறிவித்தபோது, காடுகளைக் காக்கும் பொறுப்போடு சிறுகடனும் தொழிற்பயிற்சியும் கரையோரப் பெண்களுக்கே என்று திட்டமிடப்பட்டது. சிலாபத்துக்கு அருகே பம்பலயில் 2016 ஜூலை 26இல் கண்டல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. வகுப்பு அங்கு போய்ப் பார்த்து வந்து வேர்களை வரையத் தொடங்கியிருக்கிறது. வேர் அசையாது. அதன் அடியில் சேற்றில் நிற்கும், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுதான் அசைய வேண்டும். ஆண் நண்டு அந்தக் கொடுக்கை உயர்த்தி உயர்த்திப் பெட்டையை அழைக்கும். உடல் ஓர் அடுக்கு, கொடுக்கு ஓர் அடுக்கு. புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் அதைக் கொடுத்திருக்கிறோம்.